வெற்றுத் தாள்களின் எடை

நவம்பர் 12, 2025, புதன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். புது வடிதாள்கள் என்று நினைத்து, பிரணவ் எடுத்துவைத்திருந்த பழைய வெற்றுத் தாள்கள் ஆறையும் உலர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இரண்டு உறைகளும் ஒரே மாதிரி. மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. இருந்தாலும் நாளை முதல் வேலையாக அவற்றை எடுத்து எடை பார்க்க வேண்டும்.

*

ஜோவிதாவின் நாட்குறிப்பில் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. அன்றைக்குச் செய்த தவறு முதலில் வரும், செய்த வேலை அடுத்து, மறுநாள் செய்ய வேண்டியது கடைசியில். பகலில் அவளுக்குத் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ரப்பர் வளையங்களின் தடிமனை அளந்து தேறியது, தேறாதது என்று பிரிக்க வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை அளக்கிற வளையத்தை அவள் மூன்று முறை அளப்பாள். "உனக்கு வளையத்து மேல சந்தேகமா, உன் மேலயாடி?" என்று மேற்பார்வையாளர் ஷீலா அக்கா கேட்டிருக்கிறாள். ஜோவிதா சிரித்து மழுப்பிவிடுவாள். சந்தேகம் தன் மேல்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

ஷிஃப்ட் முடிந்ததும் தாம்பரத்தில் மாலைநேரக் கல்லூரி. அங்கே மேற்படிப்பின் இறுதி ஆண்டுத் திட்டவேலையை அவளும் பிரணவும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். இப்போது அவள் மட்டும் செய்கிறாள்.

அணுக்களைப் பிளக்காமல் இணைத்து மின்சாரம் எடுக்கும் உலைகளை உலகம் முழுக்கக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றுக்கு எரிபொருள் டிரிட்டியம் என்ற கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன். உலைக்குள் செலுத்துவதில் எரிவது கொஞ்சம்தான். மிச்சத்தை உறிஞ்சி வெளியே எடுத்துவிடுவார்கள். ஆனால் போட்டதும் எடுத்ததும் ஒருநாளும் சரியாக வராது. கொஞ்சம் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும். உலையின் சூட்டில் சுவர் அரிபட்டு உதிரும் உலோகத் தூசியில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசி, சுவரில் பதித்த டைல்களின் இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். முழுவதையும் அள்ளி எடை போட யாராலும் முடியாது. எட்டுகிற இடத்தில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, எட்டாத இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கத்தான் முடியும். கணிப்பு கூடிப்போனால் பாதகமில்லை. குறைந்துபோனால், உலையைச் சுத்தம் செய்ய வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். என்றைக்காவது ஓர் இணைப்பு விரிந்து காற்று உள்ளே பாய்ந்தால் தூசி கிளம்பும். கதவைத் திறந்து பழுது பார்க்கப் போகிறவன்தான் அதைச் சுவாசிப்பான்.

இதற்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் தன் சோதனைக் கருவியிலிருந்து கழற்றிய பழைய டங்ஸ்டன் டைல்களைக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தது. சாதாரண ஹைட்ரஜன் மட்டும் ஓடிய கருவி என்பதால் கதிரியக்கம் கிடையாது. அவற்றின் இடுக்குகளிலிருந்து தூசியை எடுப்பதுதான் இருவருக்கும் வேலை. முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு சிறிய உறிஞ்சு குழாயோடு குனிந்தபடி, "இன்ஜினியரிங் முடிச்சிட்டு, மேல காசு கட்டிப் படிச்சு, கடைசில பெருக்குற வேலைக்கு வந்துட்டோம் பாத்தியா ஜோ" என்பான் பிரணவ். "எங்கம்மா கேட்டா, இதை வீட்ல செய்டா, சோறாவது போடறேன்னுவா."

போன டிசம்பரில் அவன் இறந்துபோனான். டெங்குக் காய்ச்சல். இருபத்தைந்து வயது.

*

வியாழக்கிழமை மாலை ஜோவிதா ஆய்வகத்துக்குப் போனபோது வெளியே மழை பிடித்திருந்தது. உலர் பெட்டியிலிருந்து ஆறு வெற்றுத் தாள்களையும் இடுக்கியால் எடுத்து, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த எண்கள் பிரணவின் கையெழுத்தில் இருந்தன. அவனுக்கு ஏழு எழுதும்போது நடுவில் ஒரு கோடு போடும் வழக்கம் உண்டு.

முதல் தாள், போன வருடம் பிரணவ் குறித்துவைத்த எடையைவிட இரண்டு மில்லிகிராம் குறைவாக இருந்தது. தன் தவறுதான் என்று நினைத்து எடுத்துத் திரும்ப வைத்தாள். அதே எடைதான். அடுத்த தாளும் ஏறக்குறைய அவ்வளவே குறைந்திருந்தது. ஆறும் அப்படியே.

தராசின் மேல் சந்தேகப்பட்டுப் படிக்கல்லை வைத்துப் பார்த்தாள். தராசு சரியாகவே காட்டியது.

வேலையின் முறை எளிதுதான். முதலில் வெறும் வடிதாளை எடை போட வேண்டும். பிறகு அதை உறிஞ்சு குழாயில் பொருத்தித் தூசியைப் பிடித்து, திரும்ப எடை போட வேண்டும். கூடியிருப்பது தூசியின் எடை. ஆனால் இந்த வகைத் தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அதனால் இரண்டு தடவையும் ஒரு முழு நாள் உலர் பெட்டியில் வைத்த பிறகுதான் தராசில் ஏற்ற வேண்டும். காவலுக்கு, தூசி பக்கமே போகாத சில தாள்களையும் எடுத்துவைப்பார்கள். அவைதான் வெற்றுத் தாள்கள். அவற்றின் எடை மாறக் கூடாது. மாறியிருந்தால் எங்கோ பிழை என்று அர்த்தம்.

பிரணவ் வெற்றுத் தாள்களை எங்கே வைத்தான் என்று அவளுக்குத் தெரியாமலே இருந்தது. ஜனவரியில் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதிவிட்டாள். இந்த மாதம் புது மாணவர்களுக்காக அவனுடைய இழுப்பறையைக் காலி செய்தபோதுதான் உறை அகப்பட்டது.

ஒரு தாளை மட்டும் ஜன்னல் ஓரமாக மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆய்வக உதவியாளர் சிவகுமார் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வெறும் பேப்பருக்குக் காவலா? வூட்டுக்குப் போவலியா?"

"கொஞ்ச நேரம்ணா. ஒண்ணு பாக்கணும்."

"பாரு, பாரு. மழை வலுத்துச்சுன்னா பம்மல் ரோட்ல ஷேர் ஆட்டோ ஒண்ணும் நிக்காது. அப்பறம் பேஜாரா பூடும், சொல்லிட்டேன்."

அவர் போன பிறகு அந்தத் தாளைத் தராசில் வைத்தாள். மழைக்காற்றில் கிடந்த தாள் எடை ஏறியிருந்தது. முழுவதும் ஏறவில்லை. ஆனால் பிரணவ் எழுதிவைத்த எண்ணை நோக்கித்தான் ஏறிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் போன டிசம்பரின் அந்தத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முடிச்சூர்ப் பக்கம் தெருக்களில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பிரணவ் வந்திருந்தான். மின்சாரம் இல்லாததால் ஆய்வகத்தில் ஏசி ஓடவில்லை. தராசு மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. உலர் பெட்டியில் நீலமாக இருக்க வேண்டிய குருணைகள் ஈரத்தைக் குடித்துக் குடித்து இளஞ்சிவப்பாகியிருந்தன. கேஸ் அடுப்பில் வறுத்து எடுத்தால்தான் திரும்ப நீலமாகும். அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து சேர்ந்தபோது அவன் எல்லாத் தாள்களையும் எடை போட்டு முடித்துவிட்டான்.

"குருணையை வறுத்தியாடா?"

"அதுக்கெல்லாம் டைம் இல்லை ஜோ. பொட்டியில வெச்சுதான் எடுத்தேன்." ஜெர்க்கின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டான். உடம்பு வெடவெடவென்று ஆடியது. "ஏசி இல்லாமலே குளிருது பாரு. கரன்ட் மிச்சம்."

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. வீட்டுக்குப் போ என்றாள். நாளைக்குத் தூசியை எடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது, அப்புறம் ஒரு வாரம் படுத்துக்கொள்கிறேன் என்றான். அப்படியே மறுநாளும் வந்து தூசியை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போய்ப் படுத்தான்.

தூசி பிடித்த தாள்களை ஜனவரியில் எடை போட்டவள் ஜோவிதா. குருணைகளை நீலமாகும்வரை வறுத்து, முழு நாள் காத்திருந்து, முறைப்படி செய்தாள். அவன் எடை போட்டது ஈரத் தாளை. அவள் எடை போட்டது காய்ந்த தாளை. தூசியின் எடையில் ஒரு பகுதியை, காய்ந்துபோன ஈரம் தின்றுவிட்டது.

இடுக்குக்கு மூன்று மில்லிகிராம் தூசி என்று வந்திருந்தது. எல்லோரும் வழக்கமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது ஐந்து. இடுக்கில் தூசி அவ்வளவு தங்காது, பார்த்துக்கொண்டே இரு என்று பிரணவ் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று என்று வந்ததும் ஜோவிதா தராசின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எதையும் மூன்று முறை அளப்பவள் அன்றைக்கு அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக முடிச்சூருக்குப் போய் அவன் அப்பா அம்மாவிடம் சொன்னாள்.

மூன்றோடு இரண்டைக் கூட்டினால் ஐந்து. கூட்டிப் பார்க்கக் காகிதம்கூட வேண்டியிருக்கவில்லை.

*

"உக்காரு ஜோவிதா. முதல்ல உக்காரு" என்றார் வைத்தீஸ்வரன். அவர்தான் துறைத் தலைவர். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்னால் அவருடைய அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான்தான் கேட்டிருக்கணும், வெற்றுத் தாள் இல்லாம எப்படி முடிவு சொல்றேன்னு. கேக்கத் தோணலை. அந்த நேரத்துல உன் முகத்தைப் பாத்துட்டு யாருக்குக் கேக்கத் தோணும்?"

"அடுத்த வெள்ளிக்கிழமை விழா சார்."

"அதான் யோசிக்கிறேன்."

பிரணவ் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் பெற்றோர் அவன் பெயரில் துறையில் ஒரு பரிசு ஏற்படுத்தியிருந்தார்கள். பரிசு தொடங்கும் விழாவில், அவன் வேலையிலிருந்து வந்த வரைபடத்தைச் சட்டமிட்டு ஆய்வகச் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. அவன் அப்பா அதைத் தயார் செய்து வீட்டில் வைத்திருந்தார்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார் வைத்தீஸ்வரன். "படம் சுவத்துல இருந்துட்டுப் போகட்டும். அது ஒரு ஞாபகார்த்தம், அவ்வளவுதான். அறிக்கையில சரியான எண்ணைப் போட்டுடுவோம். படிக்கிறவன் அறிக்கையைத்தானே படிப்பான்? அவன் அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டியதே இல்லை."

நல்ல மனிதர். சொன்னதும் நல்ல எண்ணத்தில்தான். சரி சார் என்று சொல்லிவிட ஜோவிதாவுக்கு ஆசையாக இருந்தது.

"சார், கோயம்புத்தூர் உலைக் குழுவுலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்களே ஆகஸ்ட்ல. அவங்க அறிக்கையைப் படிக்கலை. என் மேசை மேல இருந்த படத்தைத்தான் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. அந்த மூணை வெச்சுத்தான் உலையை எப்ப சுத்தம் பண்ணணும்னு கணக்குப் போட்டுட்டிருக்காங்க."

அவர் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சுவத்துல மாட்டினா வர்றவங்க எல்லாம் அதைத்தான் எடுப்பாங்க சார். பிரணவ் பேர் போட்டிருக்கும். அவன் பேர்ல ஒருத்தன் கதவைத் திறந்து..."

"அவன் அப்பா அம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"இல்ல சார். மூணுன்னு போய்ச் சொன்னது நான்தான்."

*

சனிக்கிழமை மதியம் முடிச்சூர்ச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. வயலாக இருந்து மனைகளாகிப் பிறகு அடுக்குமாடிகளாகிவிட்ட நகர் அது. பிரணவின் வீடு முதல் மாடியில். வெள்ளம் வந்த வருடம் தரைத்தளத்தில் இருந்துவிட்டுப் பிறகு மேலே மாறியவர்கள்.

அவன் அம்மா நாகலக்ஷ்மி கதவைத் திறந்தாள். "வாம்மா ஜோவிதா. நனைஞ்சுண்டே வரியே, ஒரு கொடை எடுத்துண்டு வரப்படாதா? ஏன்னா, யாரு வந்திருக்கா பாருங்கோ."

அவன் அப்பா கிட்டு உள்ளேயிருந்து வந்தார். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் போன பிறகு ஜனவரிவரை மாடியைவிட்டுக் கீழிறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது பூங்காவில் நடக்கிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து டங்ஸ்டன் என்றால் என்ன என்று பாடம் எடுக்கிறாராம். நாகலக்ஷ்மிதான் போனில் சொல்லியிருந்தாள், சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

"கரெக்டா வந்தே. இதைப் பாரு" என்று சோபாவின் பின்னாலிருந்து சட்டத்தை எடுத்து நிமிர்த்தினார். தேக்குச் சட்டம். உள்ளே அவள் வரைந்த படம். ஐந்தில் ஒரு கோடு, கீழே மூன்றில் ஒரு கோடு. மூன்றின் பக்கத்தில் பிரணவின் பெயர். "நேத்திக்கு பக்தவச்சலம் வந்திருந்தான், என் ஃப்ரெண்டு. இது என்னடா கோடுன்னான். மேல இருக்கறது உலகம் நெனைச்சிண்டிருந்தது, கீழ இருக்கறது என் பையன் கண்டுபிடிச்சதுன்னேன். வாயடைச்சுப் போயிட்டான்."

"அவளை ஒக்கார விடுங்கோளேன். காப்பி கொண்டு வரேன்."

"ஆன்ட்டி, காப்பி அப்பறம். நீங்களும் உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

ஜோவிதா பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோயிற்று. தாள் ஈரத்தைக் குடிக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். கிட்டு குறுக்கே பேசாமல் கேட்டார். சட்டத்தை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மூணு இல்லையா?"

"இல்ல அங்கிள்."

"எத்தனை?"

"அஞ்சு."

அவர் படத்தைக் குனிந்து பார்த்தார். மேல் கோட்டை விரலால் தொட்டார். "அஞ்சுங்கறது ஏற்கெனவே இருக்கறதுதானே."

"ஆமா அங்கிள்."

"அப்போ அவன் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலை."

வழக்கமான எண் சரிதான் என்று நிரூபிப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் மதிப்பு உண்டு என்று சொல்ல ஜோவிதா வாயெடுத்தாள். வகுப்பில் சொல்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"இத்தனை நாள் கழிச்சு வந்து சொல்றியேம்மா" என்றார் கிட்டு. கோபம் என்று சொல்ல முடியாது. குரல் தேய்ந்துபோயிருந்தது. "பார்க்ல, பேங்க்ல, எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இவ்வளவு அஜாக்கிரதையாவா வேலை பாத்தான் எம்புள்ளை? ஒரு பேப்பரைக் காய வெக்கத் தெரியாதா அவனுக்கு?"

அந்த வார்த்தையைத்தான் ஜோவிதாவால் தாங்க முடியவில்லை. பிரணவ் அஜாக்கிரதைக்காரன் இல்லை. டைல் டைலாக எண் ஒட்டி, ஒரு துகள் சிந்தினாலும் எழுதிவைக்கிறவன். அவன் அப்பாவே அவனை அப்படி நினைத்துக்கொண்டிருக்க விடக் கூடாது என்று மட்டும்தான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

"இல்ல அங்கிள், அவன் அப்படி இல்லை. அன்னைக்கு அவனுக்கு உடம்பு கொதிச்சுது. நிக்கவே முடியலை, ஜெர்க்கின் போட்டுக்கிட்டு நடுங்கிட்டிருந்தான். அந்தக் காய்ச்சலோட வந்து முடிச்சுக் குடுத்தான். அதனாலதான் விட்டுப்போச்சு. வேற யாரா இருந்தாலும் வந்திருக்கவே மாட்டாங்க."



"என்னிக்கு?" என்றாள் நாகலக்ஷ்மி.

"ஆன்ட்டி?"

"காய்ச்சலோட வந்தான்னியே. அது என்னிக்கு?"

"திங்கக்கிழமை. புயலுக்கு அப்பறம் வந்த திங்கக்கிழமை."

நாகலக்ஷ்மி கணவனைப் பார்க்கவில்லை, ஜோவிதாவையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட புதன்கிழமைதான் சொன்னான். தலை வலிக்கறது, லேசா ஜொரம்மான்னான். தண்ணியில அலையாதேன்னு நான் சத்தம் போடுவேன்னு மறைச்சிருக்கான்."

"நாகு" என்றார் கிட்டு.

"டாக்டர் மொதல்ல அதைத்தான் கேட்டார். எப்போலேர்ந்து ஜொரம்னு. புதன்கிழமைன்னேன். அவர் எழுதிண்டார். வெள்ளிக்கிழமை போனபோது, இன்னிக்கு மூணாம் நாள், இப்போ பயமில்லே, அஞ்சாம் நாள்தான் கவனமா பாத்துக்கணும், ஞாயித்துக்கிழமை கூட்டிண்டு வாங்கோ, திரும்ப ரத்தம் எடுத்துப் பாக்கலாம்னார். எங்காதால கேட்டேன்." விரலை மடக்கத் தொடங்கினாள். "திங்கள். செவ்வாய். புதன்."

"நாகு, போதும். எண்ணாதே."

"வியாழன். வெள்ளி." ஐந்தாவது விரலை மடக்கி, அப்படியே மூடிய கையைப் பார்த்தாள். "நான்தானே நாளைச் சொன்னேன்."

ஈரத் தாளைப் பற்றிச் சொல்ல வந்தவள் எதைச் சொல்லிவிட்டாள் என்று ஜோவிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தக் கணக்கு ஒருநாளும் அவள் புத்தியில் ஏறியதில்லை. எந்தக் கிழமை காய்ச்சல் என்று மருத்துவமனையில் யாரும் அவளைக் கேட்கவில்லை. சனிக்கிழமை அவன் நினைவிழந்து விழுந்த பிறகுதான் அவளுக்குச் செய்தியே வந்தது.

"அது வெறும் ஜலதோஷமாக்கூட இருந்திருக்கலாம் ஆன்ட்டி" என்றாள் அவசரமாக. "மழையில நனைஞ்சு வந்திருந்தான். அந்தக் காய்ச்சல் வேற, இது வேறயா இருக்கலாம்."

நாகலக்ஷ்மி இப்போது அவளை நேராகப் பார்த்தாள். "நிஜமாவா? அப்படி இருக்கலாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகம் அதற்காகத்தான் காத்திருந்தது. ஜோவிதா அவன் நெற்றியில் கை வைத்த நிமிஷத்தை நினைத்தாள். உடம்பு உதறிய விதத்தை நினைத்தாள். இரண்டு நாள் முந்தித் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா? அதுவும் அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எனக்குத் தெரியலை ஆன்ட்டி" என்றாள்.

நாகலக்ஷ்மி தலையை ஆட்டினாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்புப் பற்றவைக்கும் சத்தமோ பாத்திரச் சத்தமோ வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டே இருந்தது.

கிட்டு சட்டத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்தார். கொக்கியிலிருந்து குடையை எடுத்தார். "வா. பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். தேங்கிய தண்ணீரை ஒதுங்கி நடந்தார்கள். குடையை அவள் பக்கமே அதிகம் சாய்த்துப் பிடித்திருந்தார், அவருடைய சட்டைத் தோள் நனைந்துகொண்டிருந்தது.

"படம் வேண்டாம்னு சார்கிட்ட நான் சொல்லிடறேன். பரிசு இருக்கட்டும். அது ஏதோ பசங்களுக்கு உபயோகப்படும்."

"சரியா திருத்தி வேற படம் வரைஞ்சு தரேன் அங்கிள். அதுலயும் அவன் பேர்தான் முதல்ல இருக்கும்."

"உங்க அறிக்கையில போட்டுக்கோ. சுவத்துல வேண்டாம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "தப்பா நெனைச்சுக்காதே. பேப்பர் விஷயத்தை நீ வந்து சொன்னது சரிதான். சொல்லாம இருந்திருந்தா அதுதான் தப்பு. அது எனக்குப் புரியறது."

"அந்தக் காய்ச்சல் விஷயம்... நான் அதைச் சொல்லணும்னு வரலை அங்கிள்."

"தெரியும்மா." பஸ் நிறுத்தத்தின் கூரைக்குள் நுழைந்து குடையை மடக்கினார். பல்லாவரம் போகும் பஸ் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. "வெள்ளிக்கிழமை விழாவுக்கு நாங்க வருவோமான்னு தெரியலை. வந்தாலும் வராட்டாலும், கொஞ்ச நாளைக்கு நீ ஆத்துக்கு வராதே ஜோவிதா. போனும் வேண்டாம். உன்னைப் பாத்தா அவ எண்ண ஆரம்பிச்சுடுவா."

அவள் சரி என்று தலையசைத்தாள். பஸ் வந்தது. ஜன்னலோரமாக உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே மழையில் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

*

நவம்பர் 15, சனி.

இன்று செய்த தவறு என்று எதை எழுதுவது? தாளின் எடையைச் சொல்லப் போனேன். அது சரியாகத்தான் முடிந்தது, படம் சுவருக்குப் போகாது. அவனுக்காகப் பரிந்து பேசப்போய் அந்த அம்மாவுக்கு இரண்டு நாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. ஜலதோஷமாக இருந்திருக்கலாம் என்று சொன்னது தவறா, தெரியவில்லை என்று சொன்னது தவறா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

வீட்டில் அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். பசியில்லை என்றேன்.

நாளை ஞாயிறு. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் கோயம்புத்தூர்க் குழுவுக்கு எழுத வேண்டும்: எங்கள் பழைய படத்திலுள்ள எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். இடுக்குக்கு மூன்று மில்லிகிராம் அல்ல, ஐந்து.